கை கட்டி நிற்கும் பிள்ளைகளுக்கு, மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு நேர்காணலுக்கு வருகிற பிள்ளைகளில் பலர் அறைக்குள் நுழைந்ததும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். தலைமையாசிரியர் அறையிலும் ஊர்ப் பெரியவர் முன்னாலும் நிற்பதற்கு அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த நிலை அது. அவர்களுக்குத் தெரிந்த மரியாதையிலேயே பெரிய மரியாதை. மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவராவது, "கை கட்டியிருந்தால் மனத்தை மூடி வைத்திருக்கிறான் என்று அர்த்தம்" என ஏதாவது பயிற்சி வகுப்பில் கேட்டுவிட்டு வந்திருப்பார். மதிப்பெண் தாளில் 'தன்னம்பிக்கை' என்ற கட்டத்தில் 5க்கு 2 விழும். அந்தப் பையனுக்கு அது கடைசிவரை தெரியாது.

வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் மனிதவளப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான். ஐ.டி.ஐ., டிப்ளமோ, பி.இ. முடித்து வருகிறவர்களை ட்ரெய்னியாக எடுப்பதுதான் என் வேலையில் பெரும்பகுதி. திருவண்ணாமலை, அரியலூர், தருமபுரி, சிவகங்கை என்று எங்கெங்கிருந்தோ வருவார்கள். வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் பலர். உடல்மொழி சரியில்லை என்ற பெயரில் இவர்கள் எவ்வளவு இழக்கிறார்கள் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இன்டர்வியூவுக்குப் போகிறவர்களுக்கும், என்னைப் போலக் கேள்வி கேட்க உட்காருகிறவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

முதலில் கண். பெரியவர்கள் பேசும்போது பிள்ளை நிமிர்ந்து பார்த்தால், "என்ன முறைக்கிறே?" என்று அதட்டி வளர்த்திருக்கிறோம். இருபது வயதுவரை தரையைப் பார்த்துப் பழகிய கண், ஒரே காலைப்பொழுதில் மூன்று அந்நியர்களை நேருக்கு நேர் பார்த்துவிடாது. அவர்களுக்கு நான் சொல்லிவந்த வழி எளிது: கண்ணுக்குள் பார்க்க வேண்டாம், புருவங்களுக்கு நடுவில் பாருங்கள். மேசையின் அகலத்துக்கு அப்பால் இருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. கேள்வி கேட்டவரைப் பார்த்துப் பதிலைத் தொடங்கி, நடுவில் மற்றவர்களையும் ஒருமுறை பார்த்து, முடிக்கும்போது கேட்டவரிடமே வந்துவிடுங்கள். யோசிக்கும்போது கண் கூரைக்கோ சன்னலுக்கோ போனால் போகட்டும். யோசிக்கிற எல்லாருடைய கண்ணும் போகும். "ஒரு நிமிஷம் யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று சொல்லிவிட்டால், அந்த மௌனத்தை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

அடுத்தது தலை. 'சரி' என்பதற்கு நாம் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவோம். எங்கள் பேனலில் வெளிநாட்டிலிருந்து வந்த அதிகாரி ஒருவர் இருந்தார். மூன்று ஷிஃப்டிலும் வேலை பார்க்கச் சம்மதமா என்று கேட்டார். பையன் முகமெல்லாம் மலர்ந்து தலையை ஆட்டினான். அவர் தாளில் 'மறுக்கிறார்' என்று எழுதுவதைப் பார்த்துவிட்டு, "தம்பி, வாயால சொல்லுங்க" என்றேன். "வர்றேன் சார், நைட் ஷிஃப்ட்டும் பார்க்கிறேன் சார்" என்றான். அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் கொரியர், ஜப்பானியர், ஜெர்மானியர், வடமாநிலத்தவர் என்று யார் வேண்டுமானாலும் எதிரே உட்கார்ந்திருக்கலாம். தலையாட்டலை அவர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று நமக்குத் தெரியாது. ஆமாம், இல்லை இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். தலை அதன்பிறகு எப்படி வேண்டுமானாலும் ஆடட்டும்.

வாயைக் கையால் லேசாக மறைத்துக்கொண்டு பேசுவதும் அப்படித்தான். பெரியவர்மேல் எச்சில் தெறிக்கக்கூடாது என்ற பழைய பணிவு. ஏ.சி. ஓடுகிற அறையில், கைக்குப் பின்னாலிருந்து வரும் மெல்லிய குரல் மேசையைத் தாண்டாது. "கம் அகெய்ன்?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டால் பிள்ளை இன்னும் சுருங்கிவிடுகிறான், குரல் இன்னும் இறங்குகிறது. கையை மடியில் வைத்துக்கொண்டால் குரல் தானாக வெளியே வரும். ஒரு கைமேல் இன்னொரு கையை வைத்து மடியிலோ மேசை விளிம்பிலோ வையுங்கள். கட்ட வேண்டாம், பேனாவைக் கிளிக் செய்துகொண்டிருக்க வேண்டாம். பேசும்போது கை தானாக எழுந்து அசைந்தால் அடக்கவும் வேண்டாம்.

இவை எதுவும் தன்னம்பிக்கைக் குறைவு இல்லை. வளர்ந்த விதம். அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கல்லூரிப் பயிற்சிகளில் இதையெல்லாம் 'பட்டிக்காட்டுப் பழக்கம்' என்கிற தொனியில் திருத்துவதைப் பார்த்திருக்கிறேன். அப்படித் திருத்தப்பட்ட பிள்ளை இன்டர்வியூ அறையில் தன் கையையும் காலையும் கண்காணிப்பதிலேயே குறியாக இருக்கிறான். கேள்வி காதில் விழுவதில்லை.

அந்த அறையில் உடம்பு எப்போது தானாகச் சரியாகிறது என்பதை எனக்குக் காட்டியவர் எங்கள் உற்பத்திப் பிரிவு மேலாளர். மதுரைக்காரர். ஷாப் ஃப்ளோரில் மெஷின் ஆபரேட்டராகத் தொடங்கி மேலே வந்தவர். ஒருநாள் தருமபுரிப் பக்கத்திலிருந்து ஒரு டிப்ளமோ பையன் வந்திருந்தான். "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" என்றதும் மனப்பாடம் செய்த நாலு வரியைச் சொன்னான். ஐந்தாவது வரி வரவில்லை. மேசைக்கு அடியில் கால் ஆடுவது மேசைமேல் இருந்த தண்ணீரில் தெரிந்தது. பார்வை ஃபைலை விட்டு எழவில்லை. என் பக்கத்தில் இருந்தவர் பேனாவை எடுத்துவிட்டார்.

மேலாளர் ஒன்றும் கேட்கவில்லை. விட்டத்தை நுட்பமாக அளக்கும் 0-25 மி.மீ. மைக்ரோமீட்டர் ஒன்றையும் ஒரு சின்ன ஸ்டீல் பின்னையும் பையனுக்கு முன்னால் வைத்தார். "இதோட டயா என்னன்னு பார்த்துச் சொல்லுங்க தம்பி. அவசரமே இல்லை."

பையன் உடனே அளக்கவில்லை. கைக்குட்டையை எடுத்து மைக்ரோமீட்டரின் இரண்டு அளவு முகங்களையும் துடைத்தான். பின்னையும் துடைத்தான். பின் இல்லாமலே முகங்களை மூடிப் பார்த்து, "ஜீரோ எரர் இருக்கு சார். ப்ளஸ் ரெண்டு டிவிஷன்" என்றான். எதுவும் வைக்காதபோதே கருவி 0.02 மி.மீ. கூடுதலாகக் காட்டுகிறது என்று அர்த்தம். பிறகு பின்னை வைத்து, சுழற்றும் பிடியான திம்பிளை இறுக்காமல், அளவுக்கு மேல் இறுகவிடாத ராட்செட்டைப் பின்னால் பிடித்துத் திருகினான். கிளிக் கிளிக் என்று சத்தம் வந்ததும் நிறுத்தினான். அளவைப் படித்தான். பின்னைக் கால்வட்டம் திருப்பி மறுபடி அளந்தான். "9.96 காட்டுது சார். எரரைக் கழிச்சா 9.94. டிராயிங்ல டாலரன்ஸ் எவ்வளவு சார்?" எவ்வளவு ஏற்ற இறக்கம் வரை ஏற்கலாம் என்று அவன் கேட்டபோது மேலாளரின் முகத்தை நேராகப் பார்த்தான். கால் எப்போதோ நின்றுவிட்டிருந்தது.

அந்த இரண்டு நிமிடத்தில் அவன் உடம்பு சொன்னவற்றை யோசித்துப் பாருங்கள். அளக்கும் முன் துடைக்கிற பழக்கம் இருக்கிறது. கருவியில் குறை இருந்தால் அதை மேலதிகாரியிடமே சொல்கிற நேர்மை இருக்கிறது. ஒரு தடவை அளந்ததை நம்பாமல் இன்னொரு தடவை அளக்கிற பொறுமை இருக்கிறது. மைக்ரோமீட்டரை சி-கிளாம்ப் மாதிரி இறுக்குகிறவர்கள் முதல் வகுப்புச் சான்றிதழோடு வருவதை அதே மேசையில் பார்த்திருக்கிறோம். அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, சிரித்து, கண்ணைப் பார்த்துப் பேசியவர்கள். 'தன்னம்பிக்கை' கட்டத்தில் அவர்களுக்கு 5க்கு 4 விழுந்திருக்கும்.

தொழிலுக்குத் தொழில் இது மாறும். வெல்டர் ஹோல்டரைப் பிடிக்கிற கையில் தெரியும். செவிலியர் நாடி பார்க்கும்போது கடிகார முள்ளைப் பார்க்கிற கவனத்தில் தெரியும். அக்கவுன்ட்ஸ் வேலைக்கு வந்தவர் பில்லைக் கையில் வாங்கியதும் முதலில் தேதியைப் பார்க்கிறாரா, தொகையைப் பார்க்கிறாரா என்பதில் தெரியும். வேலை தெரிந்த உடம்பு வேலையைத் தொட்டதும் பதற்றத்தை மறந்துவிடுகிறது. எல்லா பேனலும் மைக்ரோமீட்டரை எடுத்துக் கொடுக்காது. அதனால் அந்த வாய்ப்பை நீங்களே உண்டாக்கிக்கொள்ளுங்கள். ப்ராஜெக்ட்டில் செய்த பாகத்தையோ அதன் டிராயிங்கையோ ஃபைலில் வைத்துக்கொண்டு போங்கள். பேச்சு அந்தப் பக்கம் வந்தால், "இதைக் காட்டலாமா சார்?" என்று கேளுங்கள். கொண்டுபோக ஒன்றும் இல்லையென்றால், "ஒரு பேப்பர் கிடைக்குமா சார், வரைஞ்சு காட்டுறேன்" என்று கேளுங்கள். இதை மறுத்த பேனலை நான் பார்த்ததில்லை. கை வரையத் தொடங்கினால் தோள் இறங்கும், குரல் திறக்கும், எதிரே இருப்பவரும் முன்னால் சாய்வார். இங்கிலீஷில் தடுமாறுகிறவர்களுக்கு இதைவிட நல்ல துணை வேறு எனக்குத் தெரியாது.

பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி காட்டப்படும் ஒரு வட்ட வரைபடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேச்சில் சொற்களுக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, முகத்துக்கும் உடலுக்கும் 55 என்று அதில் இருக்கும். இது ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் 1967இல் வெளியிட்ட இரண்டு சிறு ஆய்வுகளிலிருந்து பிறந்த கணக்கு. அவர் சோதித்தது ஒற்றைச் சொற்களை. சொல் ஒன்றாகவும் தொனி வேறாகவும் இருந்தால், பேசுகிறவருக்கு நம்மைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதை எதிலிருந்து ஊகிக்கிறோம் என்பதுதான் கேள்வி. உணர்வையும் விருப்பு வெறுப்பையும் பற்றிய பேச்சுக்கு மட்டுமே இது பொருந்தும் என்று அவரே விளக்கியிருக்கிறார். உலோகத்தைச் சூடாக்கிப் பதப்படுத்தும் ஹீட் ட்ரீட்மென்ட்டை ஏன் செய்கிறோம் என்று கேட்டால், பதிலில் 93 சதவீதம் உங்கள் குரலிலும் முகத்திலும் உடலிலும் இருக்க முடியாது. அந்த வரைபடத்தை நம்பிப் பாடத்தை விட்டுவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்ற பிள்ளைகளை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இன்டர்வியூவுக்கு முன் கழிவறையில் இரண்டு நிமிடம் கையை இடுப்பில் வைத்து நெஞ்சை நிமிர்த்தி நின்றால் துணிச்சல் சுரக்கும் என்ற யோசனையும் அப்படித்தான். 2010இல் வந்த ஆய்வு அது. அதை எழுதியவர்களில் முதல் பெயராக இருந்த டானா கார்னி, அந்த விளைவு உண்மை என்று தான் நம்பவில்லை என 2016இல் வெளிப்படையாக எழுதிவிட்டார். நிற்பதில் கேடு ஒன்றுமில்லை. அதை நம்பி இருக்க வேண்டாம். அந்த இரண்டு நிமிடத்தில் மூச்சைக் கவனிக்கலாம். உள்ளே இழுக்கும் நேரத்தைவிட வெளியே விடும் நேரம் நீளமாக இருக்கட்டும். மூச்சு வெளியேறும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறைவது உடலின் இயல்பு. வெளியே பெயர் கூப்பிடக் காத்திருக்கும்போது, நாற்காலியில் உட்கார்ந்தபடியே யாருக்கும் தெரியாமல் இதைச் செய்யலாம்.

உடல்மொழிப் பாடங்கள் எதிலும் இல்லாத ஒன்று, தூக்கமும் பசியும். காலை 9 மணி இன்டர்வியூவுக்குத் தென்மாவட்டத்துப் பையன் முதல்நாள் இரவு பஸ் ஏறுகிறான். விடியுமுன் கிளாம்பாக்கத்தில் இறங்கி, வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் பஸ் மாறி ஒரகடம் வருகிறான். வழியில் எங்கேயோ முகம் கழுவி, சட்டை மாற்றி, ஒன்றும் சாப்பிடாமல் செக்யூரிட்டி அறையில் வந்து நிற்கிறான். அவன் முறை வரும்போது மதியம் 1 மணி ஆகியிருக்கும். சிவந்த கண்ணும் தொங்கின தோளுமாக உள்ளே வருகிறவனைப் பார்த்து 'ஆர்வம் இல்லை' என்று எழுதியிருக்கிறார்கள். முடிந்தால் முதல்நாள் சாயங்காலமே வந்து நண்பன் அறையிலோ உறவினர் வீட்டிலோ தங்குங்கள். முடியாதென்றால் ஒரு பொட்டலம் பிஸ்கட்டும் இரண்டு வாழைப்பழமும் பையில் இருக்கட்டும். காத்திருக்கும் இடத்தில் சாப்பிட யாரும் தடுக்கமாட்டார்கள். "தூரத்துலேர்ந்து ராத்திரி பஸ்ஸுல வந்தேன் சார்" என்று உள்ளே ஒரு வார்த்தை சொல்வதிலும் தப்பில்லை. வேலைக்காக இரவெல்லாம் பயணம் செய்து வந்தவன் என்பது உங்கள் பக்கம் சேரும் செய்தி.

உள்ளே தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் வாங்கிக் குடியுங்கள். "பரவால்ல சார்" என்று வறண்ட தொண்டையோடு பேசுகிறவர்கள்தான் அதிகம். பெரிய பையை வெளியிலேயே வைத்துவிடுங்கள், இடமில்லையென்றால் நாற்காலியின் பக்கத்தில் தரையில். சான்றிதழ் ஃபைல் மடியில் இருக்கட்டும், கேட்டால் மேசைக்கு வரட்டும். நாற்காலி விளிம்பில் ஒட்டிக்கொண்டு உட்கார வேண்டாம், இடுப்பு பின்னால் படும்படி உட்காருங்கள். கால் ஆடுகிறது என்று தோன்றினால் இரண்டு பாதத்தையும் தரையில் நன்றாக அழுத்துங்கள். புது ஷூவை அன்றைக்கு முதன்முதலாகப் போடாதீர்கள். கடித்துக்கொண்டே இருந்தால் நடையே மாறிவிடும். இவ்வளவுதான். பேனல் அறையில் உடம்பைப் பற்றி நினைக்க வேண்டியது இதற்கு மேல் அதிகம் இல்லை.

பெண்பிள்ளைகளுக்கு இன்னொரு சுமையும் இருக்கிறது. துப்பட்டா நழுவுகிறதா என்று ஒரு கை அதிலேயே இருக்கும். நாலு பக்கமும் பின் குத்திவிட்டால் அந்தக் கை விடுதலையாகும். சேலையைப் பழகாதவர்கள் அன்றைக்குச் சேலை கட்ட வேண்டிய அவசியமில்லை, எந்த உடையில் கல்லூரி லேபில் சுலபமாக நடமாடினீர்களோ அந்த உடை போதும். ஆண்கள் கைகுலுக்கக் கை நீட்டும்போது தயக்கமாக இருந்தால், அவர் நீட்டும் முன்பே சிரித்துக் கைகூப்பி "வணக்கம் சார்" என்று சொல்லிவிடலாம். அதற்காக யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை. குறைத்தால் அந்த இடத்தைப் பற்றி உங்களுக்கு ஒன்று தெரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். சத்தமாகப் பேசினால் திமிர், மெதுவாகப் பேசினால் பயம் என்று பெண்களை மட்டும் இரண்டு பக்கமும் குத்துகிற பேனல்களை நான் பார்த்திருக்கிறேன். அதைச் சரிசெய்ய வேண்டியது மேசைக்கு இந்தப் பக்கம்தான்.

இப்போது முதல் சுற்று பெரும்பாலும் வீடியோவில் நடக்கிறது. லேப்டாப்போ ஃபோனோ, கேமரா உங்கள் கண்மட்டத்துக்கு வரும்படி கீழே புத்தகங்களை அடுக்குங்கள். மடியில் வைத்துப் பேசினால் மூக்கும் மின்விசிறியும்தான் தெரியும். வெளிச்சம் முகத்துக்கு முன்னால் இருக்க வேண்டும், சன்னலுக்கு முதுகு காட்டினால் முகம் கறுத்துவிடும். கேட்கும்போது திரையைப் பாருங்கள், பேசும்போது கேமரா துளையைப் பாருங்கள். பதிலைப் பக்கத்துத் திரையில் வைத்துப் படித்தால் கண் இடமும் வலமும் ஓடுவது அப்படியே தெரியும். வீட்டில் ஒரே அறை, பின்னால் அம்மா சமைக்கிறார்கள் என்றால் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். குக்கர் விசில் வந்ததற்காக யாரையும் நாங்கள் நிராகரித்ததில்லை.

இனி என் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கு. முதல் சில நொடிகளிலேயே நாம் ஒருவரைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறோம். கேரளத்தைச் சேர்ந்த உளவியலாளர் நளினி அம்பாடி, ராபர்ட் ரோசென்தாலுடன் சேர்ந்து 1993இல் இதைச் சோதித்தார். ஆசிரியர்கள் பாடம் நடத்தும் ஒலியில்லாத சில நொடிக் காட்சிகளைப் பார்த்தவர்கள் போட்ட மதிப்பீடு, அரையாண்டு முழுதும் அந்த ஆசிரியர்களிடம் படித்த மாணவர்கள் போட்ட மதிப்பீட்டோடு வியப்பூட்டும் அளவுக்கு ஒத்துப்போனது. ஆசிரியரைப் பிடித்துப்போவதை அந்த நொடிகள் சொல்லியிருக்கலாம். பின்னை அளக்கத் தெரியுமா என்பதைச் சொல்லாது. ஒருவர் பொய் சொல்கிறாரா என்று பார்த்துக் கண்டுபிடிக்கும் திறமையும் நமக்கு மிகக் குறைவு. பல ஆய்வுகளைத் திரட்டி 2006இல் வந்த கணக்கின்படி, மனிதர்கள் சராசரியாக 54 சதவீதம்தான் சரியாகச் சொல்கிறார்கள். நாணயத்தைச் சுண்டினாலே 50 கிடைக்கும். "கண்ணைப் பார்க்கவில்லை, எதையோ மறைக்கிறான்" என்று தாளில் எழுதுமுன் இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். ஆள்தேர்வு பற்றிய 85 ஆண்டு ஆய்வுகளைத் திரட்டி ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் இருவரும் 1998இல் எழுதிய கட்டுரை, மனம்போன போக்கில் பேசிப் பார்க்கும் நேர்காணலைவிட, எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பிடும் நேர்காணலும் வேலையைச் செய்துகாட்டச் சொல்வதும் நன்றாகக் கணிக்கின்றன என்று காட்டியது. மதுரைக்கார மேலாளர் அந்தக் கட்டுரையைப் படித்தவர் இல்லை. ஷாப் ஃப்ளோரில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்.

அந்தத் தருமபுரிப் பையனுக்கு வேலை கிடைத்தது. அதன்பிறகு எங்கள் மதிப்பெண் தாளை மாற்ற வேண்டும் என்று நான் எழுதிக்கொடுத்தேன். விவாதம் நீண்டது. "கான்ஃபிடன்ஸ் பார்க்காம எப்படி எடுக்கிறது?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான், விற்பனைப் பிரிவுக்கு எடுக்கும் ஆள் வாடிக்கையாளர் முன்னால் பேசித்தான் ஆக வேண்டும். அதனால் விற்பனைத் தாளில் அந்தக் கட்டம் அப்படியே இருந்தது. உற்பத்தி, தரக்கட்டுப்பாடு, பராமரிப்பு மூன்றுக்கும் அதை எடுத்துவிட்டு, 'கருவியைக் கையாளும் விதம்', 'தெரியாததைத் தெரியாது என்று சொன்னாரா', 'திரும்பக் கேட்ட கேள்விகள்' என்று மூன்று கட்டங்கள் சேர்த்தோம். இன்டர்வியூ தொடங்கும்போதே மைக்ரோமீட்டரும் வெர்னியரும் ஒரு டிராயிங்கும் மேசையில் இருக்க வேண்டும், "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" கடைசியில்தான் வர வேண்டும், பதிலைத் தமிழிலும் சொல்லலாம் என்பதை வேட்பாளரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும் என்று தாளின் மேலே அச்சடித்தோம். காத்திருக்கும் இடத்தில் காலை 10 மணிக்கு டீயும் பன்னும் கொடுக்க கேன்டீனுக்கு ஒரு குறிப்பும் போனது.